மருந்து தோற்றால் மந்திரம் ஜெயித்ததாகுமா?

சென்ற மாதம் நமது தோழர் ஒருவர், கைத்தறி நெய்பவர், இரண்டு காகிதங்களை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஒன்று, மந்திரித்த தகடு செய்ய ஒரு பூசாரி கேட்டிருக்கும் சாமான்களின் பட்டியல். மற்றொன்று, ரத்தப் பரிசோதனைச் சீட்டு. இரண்டும் அவருடைய அக்காள் மகனைப் பற்றியவை. பையனுக்கு வயது 17. நான்கு வருஷமாகக் காக்கை வலிப்பு. ஆரம்பத்தில் பூசாரியிடம் போகவிருந்த குடும்பத்தைத் தடுத்து, "இது மூளையின் வியாதி, டாக்டரிடம் போங்கள்" என்று சண்டை போட்டு அனுப்பி வைத்தவர் இந்தத் தோழரேதான். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். பிறகு அதோடு இன்னொன்றும் கொடுத்தார். வலிப்பு குறைந்ததே ஒழிய நிற்கவில்லை. இன்றைக்கும் மாதத்திற்கு இரண்டு மூன்று தரம் வருகின்றதாம்.

இப்பொழுது தோழருடைய தாயார், "நாலு வருஷமா உன் பேச்சைத்தானே கேட்டோம், உன் மாத்திரை என்னடா கிழிச்சுது? இனிமேலாவது சாமியைக் கும்பிட விடு" என்று கேட்கின்றார்களாம். இதற்கிடையில் டவுனில் சூரணம் விற்கும் ஒருவர் பையனுடைய ரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்து, "பார், ரத்தத்தில் அழற்சி ஏறியிருக்கின்றது, அதனால்தான் இங்கிலீஷ் மாத்திரை பிடிக்கவில்லை, அதை நிறுத்திவிட்டு ஆறு மாதம் இதைச் சாப்பிடு" என்று சொல்லியிருக்கின்றார். இவர் தகடு எழுதுகின்றவரல்ல, சயன்சு பேசுகின்றவர். ஆகவே நமது தோழருக்குத் தாயாருக்குப் பதில் சொல்வதைக் காட்டிலும் இவருக்குப் பதில் சொல்வதே கஷ்டமாயிருக்கின்றது.

தாயாருடைய கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்வோம். அந்த அம்மாள் கேட்டதில் தப்பொன்றுமில்லை. தப்பு நம்மவர்களிடத்தில்தான் இருக்கின்றது. மேடைமீது ஏறினால், "வலிப்பு பேயல்ல, பிசாசல்ல, மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துபோகும்" என்று ஒரே மூச்சில் பேசிவிடுகின்றோம். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்தாத ஒருவன் வீட்டில் நாம் சொன்ன முதல் பாதியும் சேர்ந்து பொய்யாகிவிடுகின்றது. பூசாரிக்கு வேண்டியதும் அதுதான்.

வலிப்பு தெய்வத்தின் வேலையல்ல என்பது நேற்றைக்குக் கண்டுபிடித்த சங்கதியுமல்ல. சுமார் 2400 வருஷங்களுக்கு முன்பே, கிரீஸ் தேசத்தில் ஹிப்போகிரேட்டஸ் பெயரால் வழங்கும் ஒரு நூலில், இது மற்ற வியாதிகளைப்போல ஒரு வியாதி, மூளையிலிருந்து உண்டாவது, இதைத் தெய்வீகமென்று முதலில் சொன்னவர்கள் தங்கள் அறியாமையை மூடி மறைக்கவே அப்படிச் சொன்னார்கள் என்று எழுதி வைத்திருக்கின்றார்கள். நமது நாட்டிலோ, கால் கை வலிப்பு என்று நம் பாட்டன்மார் சொன்னது வாயில் தேய்ந்து காக்கை வலிப்பாயிற்று என்கின்றார்கள். காக்கை என்றதும் சனீஸ்வரன் வந்து உட்கார்ந்துகொண்டான். சனீஸ்வரன் வந்ததும் எள்ளும் எண்ணெயும் தட்சணையும் வந்துவிட்டன. ஒரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு செலவு வேறெந்த நாட்டிலாவது உண்டா என்று தெரியவில்லை.

நிற்க. மருந்து எத்தனை பேருக்குப் பலிக்கின்றது? ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் குவானும் பிராடியும் 2000-ம் வருஷத்தில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதற்கு முன் வலிப்பு மருந்தே சாப்பிடாத 470 பேரில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 222 பேர். அது பலிக்காமல் இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 67 பேர். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நின்றவர்கள் 12 பேர். ஆக 301 பேர். மிச்சம் 169 பேருக்கு நிற்கவில்லை. அதாவது மூன்றில் இரண்டு பங்கு ஜெயம், ஒரு பங்கு தோல்வி. இந்த ஒரு பங்கைத்தான் மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கின்றார்கள். தக்க மருந்தாகப் பார்த்து, போதிய அளவில், ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அந்தப் பெயரைக் கொடுப்பதென்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கத்தார் 2010-ல் வரையறுத்திருக்கின்றார்கள்.

எனவே தாயாருக்கு நமது பதில் இதுதான்: "அம்மா, தங்கள் பேரன் அந்த மூன்றிலொரு பங்கில் சேர்ந்தவனாக இருக்கலாம். மருந்து அவனிடத்தில் இதுவரை தோற்றிருப்பது வாஸ்தவம். ஆனால் மருந்து தோற்றதை மருந்துக்காரனே எண்ணிக் கணக்கெழுதி அச்சுப்போட்டிருக்கின்றான். அந்தப் பூசாரியிடம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு நின்றது, எத்தனை பேருக்கு நிற்கவில்லை என்ற கணக்கை வாங்கி வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்." பூசாரியிடம் கணக்கிராது. அவரிடமிருப்பது குணமானவர்களின் பெயர் மாத்திரந்தான். குணமாகாதவர்களுக்குப் பக்தி போதாது என்பதோடு அந்தக் கணக்கு முடிந்துபோகும்.

"அப்படியானால் கோவிலுக்குப் போனவனுக்கு வலிப்பு குறைந்ததை நானே கண்ணால் பார்த்தேனே" என்று சிலர் சொல்லுவார்கள். பார்த்திருப்பார்கள். வலிப்பு ஒரே சீராய் வருவதல்ல. ஒரு மாதம் பத்துத் தரம் வரும், அடுத்த மாதம் இரண்டு தரம் வரும். பத்துத் தரம் வந்த மாதத்தில்தான் மனிதன் பயந்துபோய்க் கோவிலுக்கு ஓடுகின்றான். அடுத்த மாதம் தானாகவே குறையவேண்டியது குறைகின்றது. அந்தப் பெருமை சாமிக்குப் போய்விடுகின்றது. மேல்நாட்டு மருந்துச் சோதனைகளில் ஒரு பகுதியாருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கின்றார்கள். அவர்களிலும் பத்தில் ஒருவருக்கு, ஒருசமயம் அதற்கு மேலும்கூட, வலிப்பு பாதியாகக் குறைந்துவிடுகின்றது. வெறும் மாவு செய்யும் வேலையைத் தகடு செய்தால் அதிலென்ன அற்புதம் என்று கேட்கின்றோம்.

இனிச் சூரணக்காரருடைய சீட்டைப் பார்ப்போம். இதில் கொஞ்சம் நிதானமாய்ப் போகவேண்டும். ஏனெனில் இதில் உண்மையும் கலந்திருக்கின்றது.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கின்றதே, அதற்குத்தான் அழற்சி என்று பெயர். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் காரியம் அது. அப்பொழுது ரத்தத்தில் சில பொருள்கள் அதிகமாகின்றன. இன்டர்லூக்கின் 6 என்பது ஒன்று. ஊரில் தண்டோரா போடுவதுபோல இது உடம்பெங்கும் சேதி சொல்லுகின்றது. அந்தச் சேதி கிடைத்ததும் கல்லீரல், சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகின்றது. இந்த சி.ஆர்.பி.யை 1930-ல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சிச் சாலையில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது கண்டார்கள். பையனுடைய சீட்டில் எழுதியிருப்பதும் இதன் அளவைத்தான். 5-க்குள் இருக்கவேண்டியது 9 இருக்கின்றதாம்.

அழற்சிக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்றால், உண்டு. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ளவர்களின் ரத்தத்தில் இன்டர்லூக்கின் 6 முதலியவற்றின் சராசரி அளவு, வலிப்பு அடங்கினவர்களைவிட அதிகமாயிருப்பதாகப் பல ஆராய்ச்சிகளில் கண்டிருக்கின்றார்கள். இத்தாலியில் மிலான் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள், அடிபட்ட செல்கள் கக்கும் எச்.எம்.ஜி.பி. 1 என்ற ஒரு பொருளைத் தடுத்தால் சுண்டெலிகளுக்கு வலிப்பு குறைகின்றதென்று 2010-ல் காட்டினார்கள். மருந்து ஏன் பிடிக்கவில்லை என்பதற்கும் ஒரு யூகம் சொல்லுகின்றார்கள். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில், வேண்டாத பொருள்களை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள்போன்ற புரதங்கள் இருக்கின்றன. அழற்சியினால் இந்தப் பம்புகள் பெருகி, மூளைக்குள் போகவேண்டிய மருந்தையும் சேர்த்து வெளியே தள்ளிவிடலாம் என்பது அந்த யூகம். எலிகளில் அழற்சியை அடக்கிப் பார்த்தபோது, வேலை செய்யாதிருந்த மருந்து வேலை செய்ததையும் கண்டிருக்கின்றார்கள். இவையெல்லாம் நல்ல ஆராய்ச்சிகள். நாம் இவற்றைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால், எலியில் கண்டதற்கும் ஆராய்ச்சியில் கண்ட சராசரிக்கும் அந்தப் பையனுடைய சீட்டில் எழுதிய 9 என்ற எண்ணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கின்றதென்பதைச் சூரணக்காரர் சொல்லவில்லை. சொன்னால் சூரணம் விற்காது.

முதலாவது, அழற்சியினால் வலிப்பா, வலிப்பினால் அழற்சியா? உடம்பு முழுவதும் முறுக்கி அடிக்கும் பெரிய வலிப்பு ஒன்று வந்து போனால், அந்த வலிப்பின் காரணமாகவே இன்டர்லூக்கின் 6 ஏறிவிடுகின்றது. பின்லாந்து தேசத்து டாக்டர்கள் இதை 2000-ம் வருஷ வாக்கிலேயே முதுகுத்தண்டு நீரில் பார்த்திருக்கின்றார்கள். மருந்துக்கு அடங்காதவனுக்கு வலிப்பு அடிக்கடி வரும். அடிக்கடி வருகின்றவனுடைய ரத்தத்தை எடுத்தால், அது ஒரு வலிப்புக்குச் சமீபத்தில் எடுத்த ரத்தமாகவே பெரும்பாலும் இருக்கும். தீப்பிடித்த வீட்டுக்கு முன்னால் தண்ணீர்க்குடத்தோடு நிற்பவனைப் பார்த்து, இவன்தான் தீ வைத்தவன் என்று பிடித்துக் கட்டுவது நியாயமாகுமா? அழற்சி தீயா, தண்ணீரா, அல்லது இரண்டும் கலந்ததா என்பதை ஒரு சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பையனுக்கு எந்தத் தேதியில் வலிப்பு வந்தது, எந்தத் தேதியில் ரத்தம் எடுத்தார்கள் என்று கேட்டோம். முதல் நாள் இரவு வலிப்பு, மறுநாள் காலை ரத்தம்.

இரண்டாவது, சி.ஆர்.பி. எதனால்தான் ஏறாது? பல் சொத்தை, ஜலதோஷம், காலில் புண், பருத்த உடம்பு, சுருட்டு எல்லாவற்றாலும் கொஞ்சம் ஏறும். வலிப்பு மருந்துகளிலேயே கார்பமஸிபைன் போன்ற சில மருந்துகளைச் சாப்பிடுகின்றவர்களுக்கும் இது கூடியிருந்து, வேறு மருந்துக்கு மாற்றியபோது இறங்கியதாகக் கண்டிருக்கின்றார்கள். பையன் சாப்பிடுவதும் கார்பமஸிபைன்தான். அன்றியும் விழுந்த விழுச்சியில் முழங்கையில் ஆறாத காயமும் இருக்கின்றது. இந்த 9-க்கு இத்தனை பேர் சொந்தக்காரர்கள் இருக்கும்போது, மருந்து பிடிக்காத குற்றத்தை அதன் தலையில் மாத்திரம் சுமத்துவது எப்படி?

மூன்றாவது, சராசரியைக் கொண்டு ஒரு மனிதனை நிறுப்பது. இரண்டு கிராமத்து ஆண்களை நிறுத்தி உயரம் அளந்து பார்த்தால், ஒரு கிராமத்தின் சராசரி மற்றொன்றைவிட அரை அங்குலம் கூடுதலாயிருக்கலாம். அதற்காகச் சந்தையில் எதிரே வந்த ஒருவனுடைய உயரத்தைப் பார்த்து, இவன் இன்ன கிராமத்தான் என்று சொல்லிவிட முடியுமா? மருந்துக்கு அடங்கினவர்கள், அடங்காதவர்கள் என்ற இரண்டு கூட்டத்தின் ரத்த அளவுகளும் அப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கலந்து கிடக்கின்றன. ஆராய்ச்சிகளும் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. இன்றைய தேதியில், இன்ன மருந்து இவனுக்குப் பிடிக்கும் பிடிக்காது என்று ரத்த அழற்சியைப் பார்த்துத் தீர்மானிப்பது ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகவில்லை.

அழற்சியை அடக்கினால் வலிப்பு அடங்குமா என்று நேராகவே மனிதரில் சோதித்துப் பார்த்திருக்கின்றார்கள். நடாலிஜுமாப் என்ற மருந்து, அழற்சிச் செல்கள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாமல் தடுப்பது. வேறொரு நரம்பு வியாதிக்கு இது நன்றாக வேலை செய்கின்றது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 66 பேரில் ஒரு பகுதியாருக்கு இதையும், மற்றவர்களுக்கு வெறும் ஊசியையும் கொடுத்தார்கள். எவருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. இவ்வளவு குறைந்தால்தான் ஜெயம் என்று முன்கூட்டியே ஒரு எல்லையையும் குறித்துக்கொண்டார்கள். 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லையை எட்டவில்லை என்பதே முடிவு. தங்கள் யூகத்தைத் தாங்களே பரீட்சைக்கு நிறுத்தி, பரீட்சையில் தேறவில்லை என்று தாங்களே ஊரறியச் சொன்னார்கள். சூரணக்காரர் இப்படி ஒரு எல்லை குறித்துத் தருவாரா? "ஆறு மாதத்தில் இத்தனை வலிப்பாகக் குறையாவிட்டால் பணம் வாபஸ்" என்று எழுதிக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள் என்று நமது தோழரிடம் சொன்னோம். கேட்டிருக்கின்றார். "நம்பிக்கையோடு சாப்பிட வேண்டும்" என்று பதில் வந்ததாம். இந்தப் பதிலை இதற்கு முன் எங்கே கேட்டிருக்கின்றோம் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

அழற்சியை அடக்கி வலிப்பைக் குறைக்கும் இடங்களும் இல்லாமலில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்கு ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி பலிக்கின்றதென்று பெல்ஜியத்து டாக்டர்கள் 1958-லேயே சொன்னார்கள். இன்றும் கொடுக்கின்றார்கள். ஆனால் நம் நாட்டாருக்கு மிகவும் வேண்டிய உதாரணம் வேலூரிலிருக்கின்றது.

வலிப்பு வந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தால், பட்டாணி அளவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி வீக்கமும் தெரிவது இந்தியாவில் சகஜம். இதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி, மாதக்கணக்காகக் காசநோய் மருந்து கொடுத்துவந்தார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் சாண்டி, ராஜசேகர் முதலானவர்கள், 1990-ஐ ஒட்டிய வருஷங்களில், அப்படிப்பட்ட புள்ளிகளை எடுத்துப் பார்த்ததில், பெரும்பாலும் அது காசமல்ல, பன்றி நாடாப்புழுவின் குஞ்சு என்று தெரியவந்தது. இந்தப் புழு உயிரோடிருக்கும்வரை பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கும். அது சாகும்போதுதான் அதைச் சுற்றி அழற்சி கிளம்பும். வலிப்பும் கிளம்பும். ஆகவே இங்கே அழற்சி வலிப்புக்கு உண்மையான காரணம். ஆனால் அது தெரிவது மூளை ஸ்கேனில். ரத்தச் சீட்டில் ஒன்றும் தெரியாமலே போகலாம்.

இன்னொரு சங்கதி. "நாங்கள் மாமிசமே தொடாதவர்கள், எங்களுக்கெப்படிப் பன்றிப்புழு வரும்?" என்று கேட்கும் ஆசாரசீலர்களும் இந்த வியாதியோடு ஆஸ்பத்திரிக்கு வருகின்றார்கள். பன்றிக்கறியைச் சரியாய் வேகவைக்காமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவதோ அந்தப் புழுவின் முட்டை. அந்த முட்டை, புழுவுள்ள மனிதனின் மலத்திலிருந்து தண்ணீர் வழியாகவும், கழுவாத கீரை காய்கறி வழியாகவும், கழுவாத கை வழியாகவும் வருவது. ஆசாரமும் மடியும் இதைத் தடுப்பதில்லை. கக்கூசும் சோப்பும் தடுக்கின்றன.

சரி, மருந்துக்கு அடங்காதவன் என்னதான் செய்வது? முதலில், மருந்து உண்மையிலேயே தோற்றதா என்று பார்க்கவேண்டும். வலிப்பு பலவகை. ஒரு வகைக்கு ஏற்ற மாத்திரை மற்றொரு வகையை அதிகப்படுத்தும். பருவ வயதில், காலையில் எழுந்ததும் கை உதறிக் கையிலிருப்பதைத் தவறவிடும் ஒருவகை வலிப்புண்டு. அதற்குக் கார்பமஸிபைன் கொடுத்தால் கெடுதல் ஆகலாம். அளவு போதாமலிருக்கலாம். இரவு மாத்திரையை மறந்திருக்கலாம். தூக்கம் கெட்டிருக்கலாம். குடி இருக்கலாம். வருவது வலிப்பே அல்லாமலும் இருக்கலாம். பெண்களாயின், புருஷன் வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்துச் சாப்பிட்டு, மறைக்க முடியாத நாளில் விட்டுவிடுகின்றார்கள். ஏன் மறைக்கமாட்டார்கள்? அடிக்கடி வலிப்பு வருகின்றவர்கள் கலியாணத்துக்கே லாயக்கில்லை என்று 1976-ல் இந்து விவாகச் சட்டத்திலேயே எழுதி, 1999-ல்தானே அதை எடுத்தார்கள்!

இவ்வளவும் பார்த்தும் அடங்காவிட்டால், வலிப்பு கிளம்பும் இடத்தை மூளையில் கண்டுபிடித்து அறுத்தெடுக்க முடியுமா என்று பார்க்கவேண்டும். கனடாவில் பொட்டுப்பக்கத்து மூளையில் வலிப்புள்ள 80 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த சோதனையில், ஒரு வருஷ முடிவில், நினைவு தப்பும் வலிப்பு நின்றவர்கள் ஆபரேஷன் பக்கத்தில் நூற்றுக்கு 58, மாத்திரைப் பக்கத்தில் நூற்றுக்கு 8 என்று 2001-ல் வெளியிட்டார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய ஸ்தாபனத்தில் 1995 முதல் இந்த ஆபரேஷன் நடக்கின்றது. வேலூரிலும் பெங்களூர் நிம்ஹான்ஸிலும் செய்கின்றார்கள். எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஆனால் தனக்கு ஏற்குமா என்று கேட்கவாவது வேண்டுமல்லவா? இரண்டு மருந்து தோற்றவுடன் கேட்கவேண்டிய கேள்வி இது. நம் ஜனங்களோ இருபது வருஷம் கோவில் கோவிலாய்ச் சுற்றிவிட்டுப் பிறகு கேட்கின்றார்கள். சிலர் கேட்பதற்குள் அடுப்பிலோ கிணற்றிலோ விழுந்து மாண்டுபோகின்றார்கள்.

ஒன்றைமட்டும் நமது தோழரிடம் கண்டிப்பாய்ச் சொன்னோம். சூரணம், தகடு, எதுவானாலும் சரி, அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே மோசமாகலாம்.

அவர் தம் தாயாரையும் பையனையும் அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போக ஏற்பாடு செய்திருக்கின்றார். தாயார், போகும்போது சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்துகொண்டுதான் வருவேன் என்கின்றார்களாம். முடிந்துகொள்ளட்டும், மாத்திரைப் பெட்டியும் பழைய சீட்டுகளும் அதே முந்தானையில் இருக்கட்டும் என்றோம். அதோடு, அடுத்த தடவை பையன் விழும்போது கையில் இரும்பைத் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, எந்தப் பக்கம் முதலில் இழுக்கின்றது, எத்தனை நிமிஷம் இருக்கின்றது என்பது தெரியும்படி செல்போனில் படமெடுத்து வைக்கச் சொன்னோம். அந்த 9 என்ற சீட்டைக் காட்டிலும் டாக்டருக்கு அந்தப் படம் அதிகமாய்ப் பயன்படும்.